சனி ஞாயிறும் சீனி வருத்தமும்

கனடாவுக்கு வந்த எங்களில் பலருக்குக் குடும்ப வாழ்க்கை என்பது சனியும் ஞாயிறும்தான். மற்றைய ஐந்து நாட்களும் வேலை, பாடசாலை, பனி, வாகன நெரிசல் என்று ஓடிவிடும். எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பதற்கே சனிக்கிழமை வரவேண்டும். அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் இம்முறை சுகாதாரப் பகுதியில் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். வாசிக்கும் பலருக்கு இது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கக்கூடும்.

சென்ற ஆண்டு எங்கள் இருவரில் ஒருவருக்கு ஏ1சி இரத்தப் பரிசோதனை 6.3 வீதம் என்று வந்தது. (அது யார் என்று எழுதவேண்டாம் என்பது அவரது வேண்டுகோள்.) கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் இருந்த சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனை இது. கனடாவில் 6.0 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை என்றும், 6.5இலும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்றும் கொள்கிறார்கள்.

எங்களுக்குப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் அம்மப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம், மருந்து ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காலில் பட்ட சிறு புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டி வந்தது. அவரைப் பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். எங்களுடன் இருக்கும் அம்மம்மா அன்று பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார்.

எங்கள் குடும்ப வைத்தியர் தமிழ்ப் பெண். நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டை எல்லாம் ஒப்புவித்தோம். காலையில் ஓட்ஸ், மதியம் வீட்டுச் சாப்பாடு, இரவில் இரண்டு ரொட்டி. அவர் கேட்டுவிட்டு, “அது கிழமை நாள். சனி ஞாயிறில என்ன செய்யிறனீங்கள்?” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

ஒரு சனிக்கிழமையின் கணக்கு

அந்த வார இறுதியில் எதையும் மாற்றாமல், நடந்ததை மட்டும் கொப்பியில் எழுதினோம்.

காலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டோம். பிறகு தமிழ்க் கடையில் முருங்கைக்காய், கீரை, மீன் வாங்கினோம். அங்கேயே ஆளுக்கு இரண்டு மீன் ரோல்ஸ், பால் தேநீர். பின்னேரம் ஸ்காபரோ டவுன் சென்ரரில் மகனுக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். வாசலுக்குக் கிட்ட இடம் பிடிக்கப் பதினைந்து நிமிடம் காரில் சுற்றினோம். இரவு தமிழ்ப் படம், பெரிய பொப்கோர்ன், ஆளுக்கொரு கோலா. படம் முடியப் பத்தரை மணி. வரும் வழியில் கொத்துரொட்டி. சாப்பிட்ட கையோடு படுக்கை.

ஞாயிறு பத்து மணிக்கு எழுந்தோம். மதியம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும், பிறகு ஒரு நித்திரை, எழுந்து இன்னொரு படம். உடுப்புத் தோய்க்க இயந்திரம் இருக்கிறது, மடித்தது அம்மம்மா.

இரவு கொப்பியைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. சாப்பாட்டைவிட எங்களைத் திடுக்கிட வைத்தது இருந்த நேரம்தான். கார், திரையரங்கு, சோபா எல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை மட்டும் பத்து மணித்தியாலத்துக்கு மேல்.

ஏன் எங்களுக்கு மட்டும்?

தென்னாசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூட. மற்றவர்களைவிட இளம் வயதிலும், அவ்வளவு பருமன் இல்லாத உடம்பிலும் வருகிறது. கை கால் மெலிந்திருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேர்வது எங்கள் உடல்வாகு. அதனால் நிறையைப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது. தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சாப்பிட்டவுடன் இரத்தத்தில் ஏறும் சீனியை எடுத்துச் செலவழிக்கும் பெரிய இடம் தசைகள். அதிலும் தொடை, கால் தசைகள் பெரியவை. நடக்கும்போது அவை சீனியை இழுத்துக் கொள்ளும். கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அந்த வேலை நடப்பதில்லை. ஒரு சின்ன ரின் கோலாவில் ஏறத்தாழ 40 கிராம் சீனி இருக்கிறது. அதாவது பத்துத் தேக்கரண்டி. தேநீருக்குள் பத்துக் கரண்டி போட்டு யாராவது தந்தால் குடிப்போமா?

படத்தை விடவில்லை

வைத்தியர் மூன்று மாதம் தவணை தந்தார். படம், கடை எல்லாவற்றையும் நிற்பாட்டுவோம் என்று முதலில் யோசித்தோம். மகள் முகம் வாடிவிட்டது. எங்களுக்கும் மனம் வரவில்லை. குடும்பம் ஒன்றாகச் சிரிக்கும் இரண்டு நாளையும் பறித்துவிட்டுச் சுகம் தேடி என்ன பயன்? ஆகவே எதையும் விடாமல், ஒழுங்கை மட்டும் மாற்றினோம்.

முதலாவது, இரவுக் காட்சியை விட்டுப் பின்னேரக் காட்சிக்குப் போகிறோம். படத்தின் பின் வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குச் சாப்பாடு. பெரும்பாலும் குரக்கன் புட்டு, மீன் குழம்பு, கீரை. திரையரங்கில் வெண்ணெய் ஊற்றாத சிறிய பொப்கோர்ன் ஒன்று நால்வருக்கும், குடிக்கத் தண்ணீர்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு படம். 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகம் 2 மணி 47 நிமிடம். பொழுதுபோக்காகத் திரை பார்ப்பது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று கனடாவின் 24 மணிநேர வழிகாட்டல் சொல்கிறது. பிள்ளைகளுக்கு 2 மணித்தியாலம்தான். ஒரு படத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, காரைத் தூரத்தில் நிற்பாட்டுகிறோம். பேரங்காடிக்குள் போனதும் இரண்டு தட்டையும் ஒரு முறை முழுதாகச் சுற்றிய பிறகுதான் கடைக்குள் போகலாம். வெளியே உறைபனி என்றாலும் உள்ளே சூடு, வழுக்காத தரை. முதல் நாள் அம்மம்மா, “நடந்து நடந்து என்னத்தை வாங்கப் போறியள்?” என்று கேட்டார். இப்போது எங்களுக்கு முன்னே நடப்பவர் அவர்தான்.

நான்காவது, ஞாயிறு மதியச் சாப்பாடு. 2019ஆம் ஆண்டின் கனடா உணவு வழிகாட்டி தட்டில் பாதி மரக்கறியும் பழமும், கால்வாசி புரதம், கால்வாசி முழுத்தானியம் என்கிறது. எங்கள் தட்டில் முக்கால்வாசி சோறு இருந்தது. இப்போது சிவப்பரிசிச் சோறு கால்வாசி. ஆட்டிறைச்சி இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மரக்கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருகிறோம். சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் நடை. பனி கொட்டினால் தொடர்மாடியின் நடைபாதையில் நடப்போம். நித்திரை அதற்குப் பிறகு, அரை மணித்தியாலம் மட்டும்.

கொத்துரொட்டியும் போய்விடவில்லை. மாதம் ஒரு முறை ஒரு பார்சல் வாங்கி, வீட்டில் கோவாவும் கரட்டும் வதக்கிக் கலந்து நால்வரும் பகிர்கிறோம்.

எல்லாக் கிழமையும் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டோம். ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லாம் பறந்தது. ஒரு பனிப்புயல் வார இறுதியில் சோபாவை விட்டு எழும்பவே இல்லை. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் தொடங்கினோம்.

மூன்று மாதத்தின் பின்

முடிவு 6.0. வைத்தியர் பார்த்துவிட்டு, “குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் வாசல்லதான் நிக்கிறியள்” என்றார். உண்மைதான். வாசலுக்கு வெளியே போகும்வரை கொப்பியை மூடுவதாக இல்லை.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

• 40 வயதானவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது கனடிய வழிகாட்டல். குடும்பத்தில் சீனி வருத்தம் இருந்தால் முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள்.

• வெறும் வயிற்றுச் சீனி 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை இருந்தால் எச்சரிக்கை, 7.0 என்றால் நீரிழிவு. ஊரில் உள்ளவர்கள் மில்லிகிராமில் சொல்வார்கள். இங்கத்தைய எண்ணை 18ஆல் பெருக்கினால் அது கிடைக்கும்.

• இன்சுலின் ஏற்றுபவர்களும், சீனியை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டு நேரத்தையோ அளவையோ தாமாக மாற்றக்கூடாது. சீனி அளவுக்கு மீறி இறங்கினால் ஆபத்து. முதலில் வைத்தியரிடம் பேசுங்கள்.

• சீனி வருத்தம் உள்ளவர்கள் இரவில் படுக்கப் போகுமுன் கால்களைப் பாருங்கள். சிறு புண் என்றாலும் அலட்சியம் வேண்டாம்.

கடைசிக் குறிப்பை எழுதச் சொன்னவர் அம்மம்மா.