இறக்கத்தில் பெட்ரோல் சிக்கனம்

அரூரிலிருந்து சேலம் செல்லும் சாலை மஞ்சவாடிக் கணவாய் வழியே செல்கிறது. இத்தகைய மலைச்சாலை இறக்கங்களில் காரை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என எண்ணுவோர் உண்டு. இது சரியா?

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் 9,80,000 ஜூல். நியூட்ரலில் இதில் பெரும்பகுதியைப் பிரேக்குகளே வெப்பமாக்க வேண்டும். அவை மிகவும் சூடேறினால் பிடிப்புக் குறையும். எஞ்சினோ ஓய்வாக ஓடியபடியே பெட்ரோலைக் குடிக்கும்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய எஞ்சின்களில் அப்போது பெட்ரோல் வரத்து நின்றுவிடும், வேகமும் கட்டுப்படும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து, மிதி கல்லாய் இறுகிவிடும்.

ஆகவே, மாணவர்களே, இறக்கத்தில் சிக்கனம், பாதுகாப்பு இரண்டும் கியரில்தான் இருக்கின்றன!