லம்ப மணலும் சுத்தியல் அடிக் கணக்கும்

ஈப்போவிலிருந்து கோப்பேங், கம்பார் பக்கம் போகிறவர்கள் சாலையோரக் குட்டைகளைப் பார்த்திருப்பார்கள். ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், விட்டுச்சென்றவை அவை. ஈயத்தை அலசியெடுத்த பிறகு மணல் ஓரிடத்திலும் சேறு வேறோரிடத்திலும் ஒதுங்கின. அப்படிப்பட்ட நிலங்களை மேடாக்கித் தாமான்கள் எழுப்பியிருக்கிறார்கள். பால்மரத் தோட்டங்களை அழித்துக் கட்டிய வீடுகளுக்கு அடியில் பெரும்பாலும் களி கலந்த மேட்டு மண்தான். நிலத்தடி நீரும் ஆழத்தில் இருக்கும். லம்ப நிலத்திலோ மணல் தளர்ந்து கிடக்கும், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நிலநடுக்கத்தில் திரவமாகக்கூடிய மண் இந்த வகைதான்.

குலுங்கும் மணல் துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடையிலுள்ள தண்ணீருக்கு வெளியேற நேரம் இருக்காது. நீரழுத்தம் ஏறியதும் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடி விட்டுப்போகும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிகள் அதிகம் உடையாமலே சாய்ந்தது இதனால்தான். 2001 குஜராத் நிலநடுக்கத்தின்போது கட்ச் ரண் வெளியில் மணலும் நீரும் பீறிட்டதும் அப்படியே.

எந்த மண் இப்படி நெகிழும் என்று கண்டறியப் பொறியாளர்கள் பெரிதும் நம்புவது எஸ்.பி.டி. சோதனையை. 63.5 கிலோ சுத்தியல் 76 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, துளையின் அடியில் வைத்த குழாயை இறக்கும். தண்டில் 15 செ.மீ. இடைவெளியில் மூன்று பகுதிகளாகச் சாக்கட்டிக் கோடு போட்டு அடிகளை எண்ணுவார்கள். முதல் பகுதி கணக்கில் சேராது. கடைசி 30 செ.மீ.க்கான அடிகளே ‘என்’ மதிப்பு. லம்பச் சேற்றில் சில இடங்களில் சுத்தியலே வேண்டாம், தண்டு தன் எடையிலேயே இறங்கிவிடும். அங்கே ‘என்’ பூஜ்யம்.

1971-ல் சீட், இட்ரிஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் வகுத்த முறையிலிருந்து, இந்த ‘என்’ மதிப்பை வைத்து ஒரு வரைபடம் வளர்ந்தது. பழைய நிலநடுக்கத் தளம் ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. நெகிழ்ந்தவையும் நெகிழாதவையும் தனித்தனியே தெரியும். நடுவில் ஓடும் எல்லைக்கோட்டை முதலில் அனுபவத்தைக் கொண்டு வரைந்தார்கள். 1988-ல் லியாவ், வெனெசியானோ, விட்மன் மூவரும் புள்ளியியல் முறையில் அதை நிகழ்தகவாக மாற்றினார்கள்.

ஆனால் அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஜப்பான், அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளின் மணல் தந்தவை. ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் களிச்சேற்றுக்கு அந்தக் கோட்டை அப்படியே நீட்டுவது தவறு. ‘என்’ குறைவு என்பதாலேயே களி திரவமாகிவிடாது. சுத்தியலையும் கவனிக்க வேண்டும். விழும் சுத்தியலின் ஆற்றலில் 60 விழுக்காடு தண்டுக்குச் சேரும் என்பதை அடிப்படையாகக் கொண்டது அந்தக் கோடு. பழுதான கருவி 45 விழுக்காடு ஆற்றலையே தந்தால், அது காட்டும் 16 அடி உண்மையில் 12தான். மண் இருப்பதைவிட உறுதியாகத் தோன்றும்.

சுமத்ராவின் பெரும் பிளவுகள் பேராக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் இங்கே மண் திரவமாகும் வாய்ப்பு குறைவு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் 2025 ஆகஸ்ட்டில் ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவு நடுக்கம் பதிவானது. லம்ப நிலத்தில் வீடு வாங்கும் முன் மண் ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சுத்தியலின் ஆற்றலை அளந்தார்களா என்று ஒரு பொறியாளரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.