காப்பிக் கொட்டையின் பழுதறியும் கதிர்

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகளிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பார்வைக்கு நன்றாயிருந்த சரக்கை வறுத்துச் சுவை பார்த்தபின் விலையைக் குறைத்துவிட்டார்கள் என்பதே அது. வாங்குவோர் வஞ்சித்ததாகக் கருதுவது இயல்பே. எனினும் கண்ணுக்குப் புலப்படாத பழுதும் கொட்டையில் உண்டு.

கரிய கொட்டை, வண்டு துளைத்த கொட்டை, உடைந்த கொட்டை ஆகியவற்றைப் பொறுக்கும் பெண்கள் எளிதில் நீக்கிவிடுகின்றனர். அவர்களுடைய கைத்திறன் சிறிதன்று. தொல்லை தருபவை வேறு இரண்டு. காயாகப் பறித்த பழத்தின் முற்றாத கொட்டையும், தொட்டியில் அளவு மீறி ஊறிப் புளித்த கொட்டையும் பல வேளைகளில் நல்ல கொட்டை போலவே தோன்றும். முன்னது துவர்க்கும், பின்னது நாறும். மிகவும் கெட்டவை சில கலந்தாலே ஒரு வறுவல் முழுவதும் வீணாகும்.

இங்குதான் அகச்சிவப்புக் கதிர் உதவுகிறது. சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த கதிர் இது. ஒவ்வொரு பொருளும் இக்கதிரின் சில அலைநீளங்களை மட்டுமே மிகுதியாக விழுங்கும். நீர் 1450, 1940 நானோமீட்டர் அளவுகளில் விழுங்குகிறது. கொட்டையிலுள்ள நீர், புரதம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவு மாறினால், திரும்பிவரும் கதிரும் மாறும். கருவி அம்மாற்றத்தைக் கோடாக வரைந்து, முன்பே தரம் தெரிந்த மாதிரிகளின் கோடுகளோடு ஒப்பிடுகிறது. நல்ல கொட்டையையும் பழுதானதையும் வறுக்கும் முன்னரே இம்முறையால் பிரித்தறியலாம் என்பதைப் பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

ஆயினும் கருவிக்கு முதலில் கற்பிக்க வேண்டும். ஏற்காட்டு அராபிகாவைக் கொண்டு பழக்கிய கருவி, கூடலூர் ரொபஸ்டாவுக்கு அப்படியே பொருந்தாது. விலையும் ஒரு குடும்பம் தாங்கத் தக்கதன்று. தனித்தனியே வாங்க எண்ணுவது வீண் செலவு என்பதே நம் கருத்து. உற்பத்தியாளர் சங்கமோ பதப்படுத்தும் நிலையமோ வைத்துக்கொண்டால் பயனுண்டு. விற்பனைக்கு முன்பே தரம் தெரிந்தால், விலை பேசுகையில் விவசாயியின் கை தாழாது.

அத்தகைய நிலையம் அமையுமிடத்தில், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றை வற்புறுத்த வேண்டும். மாதிரியை மூட்டையின் வாயிலிருந்து மட்டும் எடுக்கலாகாது. மேல், நடு, அடி ஆகிய மூன்றிடத்திலும் எடுத்துக் கலந்து, விவசாயியின் முன்னிலையிலேயே சோதிக்க வேண்டும்.