மூச்சை விடுவதில்தான் சிக்கல்

காஞ்சிபுரம் ஓரிக்கை நெசவாளர் குடியிருப்பானாலும் வேறெந்தத் தெருவானாலும், மூச்சிரைக்கும் பெரியவரிடம் அக்கம்பக்கத்தார் சொல்வது ஒன்றுதான்: "நல்லா மூச்சை இழுங்க." அக்கறையில் சொல்வதுதான், ஆனால் தலைகீழான யோசனை.

மருத்துவச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், பல ஆண்டுப் புகையால் காற்றுக்குழாய்கள் வீங்கிக் குறுகுகின்றன, காற்றுப்பைகள் தளர்ந்துபோகின்றன. மூச்சு விடும்போது சிறு குழாய்கள் பாதியிலேயே மூடிக்கொள்வதால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் இன்னும் இழுத்தால் எங்கே இடம்? பீடி மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது, அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. விறகடுப்பை ஊதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய காற்று உள்ளே தங்குவதே சிக்கல் என்பதால் முதலில் பழக வேண்டியது உதடு குவித்து விடும் மூச்சு. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, மனதுக்குள் இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுக்கவும். சீழ்க்கை அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெல்ல விடவும். முக்கித் தள்ளக் கூடாது. குவிந்த உதடு தரும் எதிரழுத்தம் குழாய்களைச் சற்று நேரம் திறந்து வைக்கிறது. உட்கார்ந்தபடி பழகிய பின் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்: தறிக்குழியிலிருந்து எழும்போது, குடம் தூக்கும்போது, படி ஏறும்போது மூச்சு வெளியே போகட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவதுதான் பலரையும் திணறடிக்கிறது. திணறல் வந்தால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி இதையே செய்யலாம்.

வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி எல்லோருக்கும் ஒத்துவராது; நோய் முற்றியவர்களுக்குத் திணறல் கூடவும் செய்யலாம். கொரோனா காலத்தில் வீடுவீடாக வாங்கிய மூன்று பந்துக் கருவி, மூச்சை இழுக்கப் பழக்குவது. இந்நோய்க்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். கபாலபாதியையும் மூச்சை அடக்கும் பிராணாயாமத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பயிற்சி நோயைக் குணமாக்காது; இன்ஹேலரை நிறுத்தவும் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.