தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை

ஆஸ்திரேலியாவின் ஆரம்பப் பள்ளிகளில், கோடைக்கால இடைவேளை மணி அடித்ததும், பிள்ளைகள் தத்தம் பைகளைத் துழாவி அகன்ற விளிம்புள்ள தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவதையும், அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த குழந்தை, தோழர்கள் பந்தாடுவதைப் பார்த்தவாறு நிழலில் உட்கார்ந்திருப்பதையும் காணலாம். 'தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை' என்பது அங்கே பல பள்ளிகளின் விதி. கடுமையாகத் தோன்றும் இவ்விதி, என் அபிப்பிராயத்தில், ஒரு தேசம் தன் குழந்தைகளிடம் காட்டும் வாத்ஸல்யமே ஆகும்.

எழுபது வயதை எட்டுவதற்குள் அந்நாட்டவரில் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒருவகைச் சருமப் புற்றுநோய் கண்டுவிடுகிறது. பிரிட்டன் முதலிய குளிர்ப் பிரதேசங்களிலிருந்து குடியேறியவர்களின் வெண்ணிறச் சருமத்தில், வெயிலைத் தாங்கும் மெலனின் என்னும் நிறமி சொற்பம். அங்கே வெயிலோ மகா உக்கிரம். சூரிய கிரணங்களில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் சரும உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்க, உடல் தன்னால் இயன்றவரை அதைச் செப்பனிட, செப்பனிடாமல் விடுபட்டவை பால்யம் முதல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, முதுமையில் நோயாக வெளிப்படுகின்றன. இக்கதிர்களை உஷ்ணத்தைக் கொண்டு அளக்க முடியாது. மேகம் மூடிய குளிர்ந்த பகலிலும் அவை மேலே படும். ஆகையால்தான் அங்கே புற ஊதாக் குறியீட்டு எண்ணை நாள்தோறும் அறிவித்து, அது 3-ஐ எட்டினால் உடலை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

1981-ஆம் ஆண்டு, சிட் என்னும் கேலிச்சித்திரக் கடற்பறவை தொலைக்காட்சியில் ஆடிப் பாடி, சட்டை அணியவும், வெயில் தடுப்புக் களிம்பு பூசவும், தொப்பி வைக்கவும் ஜனங்களுக்குக் கற்பித்தது. நிழலை நாடுவதும் கறுப்புக் கண்ணாடி அணிவதும் 2007-இல் சேர்ந்தன. களிம்பினால் மெய்யாகவே பலன் உண்டா என்று ஐயுறுவோர் நாம்பூர் என்னும் குவீன்ஸ்லாந்து ஊரை அறிய வேண்டும். 1992-இல் அங்கே 1,621 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவார் தலை, கழுத்து, கைகளில் நித்தியம் களிம்பு பூசிவரவும், மறுபிரிவார் தம் வழக்கம்போல் இருக்கவும் செய்து, நாலரை ஆண்டுப் பரிசோதனைக்குப் பின் மேலும் பத்தாண்டு கவனித்ததில், புற்றுநோய்களில் கொடிய மெலனோமா, நித்தியம் பூசியோரில் 11 பேருக்கும் மற்றவரில் 22 பேருக்கும் கண்டது. பூசுவதிலும் சிரத்தை வேண்டும்: ஒரு கைக்கு மட்டுமே ஒரு தேக்கரண்டி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

தடுப்பைப் போலவே கண்டறிவதும் முக்கியம். ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாத மச்சம், ஓரம் சிதறிய மச்சம், ஒரே இடத்தில் கருமையும் பழுப்பும் செம்மையும் கலந்த மச்சம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற மச்சம் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. எல்லாவற்றிலும் மேலாக, நேற்றுவரை இருந்தபடி இராமல் மாறிக்கொண்டே வருவதை அலட்சியம் செய்யலாகாது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கையில் அறுத்தெடுத்தால் மெலனோமா பெரும்பாலும் குணமாகிவிடும்.

கறுத்த மேனியுடைய நமக்கு இந்நோய் அபூர்வம் என்பது உண்மையே. ஆனால் வரும்போது அது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் வருவதுண்டு. அங்கே தொப்பியும் களிம்பும் காவலாகா, கண்தான் காவல். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரலில் இருந்த புண், பந்தாட்டக் காயம் என்று எண்ணப்பட்டது. அது மெலனோமா என்று 1977-இல் தெரிந்தது. சிட் ஆடத் தொடங்கிய அதே 1981-இல், முப்பத்தாறாவது வயதில், அவர் காலமானார்.

இன்றிரவு கால் கழுவியதும் உள்ளங்காலைத் திருப்பி விளக்கொளியில் பாருங்கள். வீட்டில் குனிய இயலாத பெரியவர் இருந்தால் அவர் காலையும் பாருங்கள். புதிதாகக் கரும்புள்ளியோ, நகத்தில் கருங்கோடோ, ஆறாத புண்ணோ தென்பட்டால், நாளைக்கே சரும வைத்தியரிடம் காட்டுங்கள்.