பித்தளையில் காய்ச்சிய பால்

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பத் தொடங்கும். எந்நேரமும் சிணுங்கும், சாப்பாடு இறங்காது. வலது விலாவுக்குக் கீழே மருத்துவர் கை வைத்தால், கல்லீரல் பலகை போலக் கெட்டியாகத் தட்டுப்படும். பிறகு காமாலை, வயிற்றில் நீர். பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் மரணம். 1887-இல் கல்கத்தாவில் பதிவான இந்த நோய்க்கு மருத்துவ நூல்களில் ‘இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ்’ என்று பெயர். தமிழ் வீடுகளில் ஈரல் குலைக்கட்டி என்றார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் போனதுண்டு. மதுவே அறியாத பச்சைக்குழந்தைக்கு ஈரல் ஏன் இறுகுகிறது? ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இதற்கு விடை இல்லை.

துப்பு கல்லீரலுக்குள்ளேயே இருந்தது. ஆரோக்கியமான கல்லீரலில் உலர் எடையில் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள்தான் தாமிரம் இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அது 800-ஐத் தாண்டியிருந்தது. இவ்வளவும் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் டானரும் புனே மருத்துவர்களும் 1983-இல் ‘லான்செட்’ இதழில் கைகாட்டியது அடுப்பங்கரையை. தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைப் புகட்டியிருந்தார்கள்.

பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பாத்திரத்தின் தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும். குடலில் உறிஞ்சப்படும் தாமிரம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. உடலுக்குத் தாமிரம் சிறிதளவு தேவை. மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றிவிடும். சிசுவுக்கு இந்த வழி இன்னும் முதிர்ந்திருக்காது; போதாததற்கு, கருவிலேயே சேமித்த தாமிரமும் அதன் ஈரலில் இருக்கும். அதற்கு மேலும் வந்து சேர்ந்தால், அதைக் கட்டிவைக்கும் புரதங்கள் திணறிப்போகின்றன. கட்டுக்கு அடங்காத தாமிரம் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, செல்களின் சவ்வுகளையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைக்கிறது. செல்கள் மடிய, அவற்றைச் சுற்றி நார்த்திசு படர்கிறது. வெட்டினாலும் வளரும் உறுப்பு என்று பேர் பெற்ற கல்லீரல், இந்த நோயில் மீண்டும் வளர்வது மிகக் குறைவு.

பித்தளையில் பால் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரவில்லை. பரம்பரைக் கூறும் சேர்ந்திருக்கலாம். ஆனால் பாத்திரத்தின் பங்குக்கு ஆஸ்திரியாவின் டைரோல் பகுதி வலுவான சான்று. 1900 முதல் 1974 வரை அங்கே 138 குழந்தைகள் இதே போன்ற நோயில் இறந்தன. பூச்சில்லாத தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சிய பால்தான் அங்கும் காரணம். பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது.

நோயின் தொடக்கத்திலேயே பெனிசிலமின் என்ற மருந்தைக் கொடுத்தால் தாமிரம் வெளியேறிப் பிள்ளை பிழைக்க வழியுண்டு. ஆனால் இந்தியாவில் இந்த நோயை அரிதாக்கியதில் பெரும்பங்கு எவர்சில்வருக்கும், பித்தளையை விட்டொழித்த தாய்மார்களுக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது செப்புப் பாத்திரங்கள் மறுபடி வீடுகளுக்குள் வருகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாமிரம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோர், எலுமிச்சைச் சாறு, புளி சேர்ந்தவை தாமிரத்தை வேகமாகக் கரைக்கும். அவற்றைப் பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ வைக்கக் கூடாது. உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிந்தால் மறுபடி பூசிய பிறகே புழங்க வேண்டும். பூசுவது சுத்தமான வெள்ளீயமா என்றும் கேளுங்கள். காரீயம் கலந்தால் அது வேறொரு நஞ்சு. கைக்குழந்தையின் பாலுக்குப் பூசிய பாத்திரமும் வேண்டாம், எவர்சில்வரே போதும்.