முல்லைக் கொடியும் அரசன் வாளும்

செடிக்கும் உயிர் உண்டு. ஆகையால் கீரை கிள்ளுகிறவன் ஆடு அறுப்பவனைக் குறை கூறலாகாது என்றொரு வாதம் நம்மவரிடையே அடிக்கடி எழுகிறது. வாதம் சாதுரியமானதே, நியாயமானதுதானா என்று ஆராய்வோம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, சுந்தரர் பாடல் பெற்ற திருமுல்லைவாயில் இருக்கிறது. அதன் ஸ்தல புராணம் கூறுவதாவது: குறும்பருடன் போர் செய்யப் புறப்பட்ட தொண்டைமானின் யானையை முல்லைக் கொடிகள் காலில் பின்னித் தடுத்தன. அரசன் வாளை வீசினான். கொடிகளுள் மறைந்திருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து இரத்தம் பெருகிற்று. பதறிய மன்னன் தன்னுயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். இறைவன் தோன்றித் தடுத்தருளினான். இதைச் சரித்திரமென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் வெறும் இடையூறென்று நாம் வெட்டியெறியும் பொருளுக்குள்ளும் நோவு இருக்கக்கூடும் என்னும் அச்சத்தை நம் முன்னோர் இவ்வாறு போற்றினர்.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்தது. 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், செடிகள் தூண்டுதலுக்கு இசைந்து அசைவதைக் கருவிகளால் பதிவு செய்தார். எனினும் செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. கத்தியைக் கண்டு மிரளும் ஆட்டுக்கு இரண்டும் உண்டு. உயிர் இரண்டிலும் இருப்பதால் நோவும் சமமென்று கொள்ளலாகாது.

இவ்வினாவை வள்ளலாரும் எதிர்கொண்டார். தாவரத்தின் வித்து, காய், கனி, இலை ஆகியவற்றைக் கொள்வது உயிர்க்கொலைக்கு ஒப்பாகாது என்று அவர் விடையளித்தார். மேலும், ஆட்டைத் தின்பவன் அது மேய்ந்த புல்லையும் சேர்த்தே செலவழிக்கிறான். செடிக்காக மெய்யாகவே இரங்குவோன் புலாலைக் குறைப்பதே பொருத்தம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. அவசியமற்ற வேதனையைத் தண்டிக்கிறது. ஜீவராசிகளிடம் கருணை காட்டுவதைப் பிரஜைகளின் கடமையாக அரசியல் சட்டத்தில் 1976-ல் சேர்த்தனர். சட்டம் வகுத்தது குறைந்த எல்லை. தர்மம் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை.

சைவ உணவினருக்கும் ஒரு வார்த்தை. இலையில் மீன் இல்லை என்பதைக் குலப்பெருமையாக்கி, மீன் உண்ணும் அயலானை வாசலில் நிறுத்துவது ஜீவகாருண்யமன்று, அகங்காரமே. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்தபோது முதலில் மூட்டியது பசித்தோருக்கான அடுப்பை. வந்தவனின் குலத்தை அங்கே எவரும் கேட்கவில்லை.

அன்பர்களே, ஒன்றையும் கொல்லாமல் உலகில் வாழ ஒருவராலும் இயலாது. ஆயினும் வாளை ஓங்குமுன், கொடியைக் கையால் விலக்கிச் செல்ல முடியுமா என்று பார்ப்பது எல்லோராலும் இயலும்.